உப்புக் குடுவை யாருக்கு

ஜூலை மாதம் பந்தைப் பிடிக்க எகிறிய லைல் ஷுமாக்கர், ஆகஸ்டு மாதம்தான் தரையில் இறங்கினான். அது 1974. அந்த வருஷம் மக்காச்சோளம் எப்படி விளைந்தது என்று கேட்டால் நியூ ஆல்டன்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். இதை யோசிக்காமல் சொல்வார்கள். மினசோட்டாவில் அந்தப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, ஒரு பேஸ்பால் அணி உண்டு. நியூ ஆல்டன் மைதானத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்காடு. இந்தப் பக்கம், மட்டைக்காரனுக்கு நேர் எதிரே, வெகுதூரத்தில் கிடக்கும் புல்வெளியைக் காப்பவன்தான் ஊருக்குச் செல்லப்பிள்ளை.

அதுவரை மூன்று பேர் அப்படி இருந்திருக்கிறார்கள். எல்மர் வோஸ் அங்கிருந்து எறிந்த பந்து, அது மட்டையில் பட்ட சத்தம் காதுக்கு எட்டுவதற்குள் திரும்பி வந்துவிடும். க்ளீட்டஸ் பட்னிக்குக்குக் காது கேட்காது. பந்து வீசப்படும் முன்னரே அது விழப்போகும் இடத்துக்குப் போய் நின்று கொட்டாவி விடுவார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாமவர் ஆர்வின் ஹால்வர்சன், விதைக்கடைக்காரர், வயது ஐம்பத்தைந்து, குத்துக்கல்லாட்டம் இருந்தார். முப்பது வயதில் அவர் நெடுஞ்சாண்கிடையாகப் பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தார். விழுந்த இடத்தில் அவர் உடம்பு நீளத்துக்கு அதற்கப்புறம் புல்லே முளைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் மார்லிஸின் சாப்பாட்டுக் கடைக்குப் போவார்கள். அங்கே மேஜைமேல் கடுகுச் சாஸ் பாட்டில்தான் வோஸ், மிளகுக் குடுவைதான் பட்னிக், உப்புக் குடுவை ஆர்வின். அவற்றை இழுத்தும் நகர்த்தியும் யார் எந்தப் பந்துக்கு எப்படி ஓடினார்கள் என்று காட்டிக்காட்டிப் பேசுவார்கள். முட்டைக்கு உப்பு வேண்டியவன்கூட, "ஆர்வினைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுப்பா" என்றுதான் கேட்பான். இருபத்தைந்து வருஷமாக அது ஆர்வின் காதில் தேனாக விழுந்துகொண்டிருந்தது. பொய் சொல்வானேன், மனுஷன் உயிரோடிருந்ததே அதைக் கேட்கத்தான்.

அப்புறம் பால்பண்ணைக்கார ஷுமாக்கரின் பையன் ஆட வந்தான். வயது பத்தொன்பது, அதிகம் பேசமாட்டான். ஜூன் மாதக் கடைசியில் எவனோ ஒரு ஆட்டத்தைக் காட்டும்போது உப்புக் குடுவையை எடுத்து, "இது லைல்னு வெச்சுக்க" என்றான். ஒருவரும் அவனைத் திருத்தவில்லை. ஆர்வின் தட்டிலிருந்த ஆப்பிள் பலகாரத்தைப் பாதி தின்னாமல் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்தான். கடையில் ஓட்ஸ் கேட்டவனுக்குப் பட்டாணி விதையைக் கட்டிக் கொடுத்தார். பையன் ஓடும்போதெல்லாம் கால் தடுக்காதா என்று பார்த்தார். தடுக்கவேயில்லை, பாவி.

ஓக் ஃபோர்க் ஊரோடு நடந்த ஆட்டத்தில் கடைசி ஆள் அவுட்டானால் நியூ ஆல்டனுக்கு வெற்றி. அடித்த பந்து வேலியைத் தாண்டப் போனது. லைல் ஓடினான், எகிறினான், பிடித்தான், அங்கேயே நின்றுவிட்டான். அவன் காலுக்குக் கீழே ஒரு ஆள் உயரத்துக்கு வெறும் காற்று. சரியாக அந்த நேரம் பார்வையாளர்களில் ஒருவன், ஆர்வினாக இருந்தால் எகிறாமலேயே பிடித்திருப்பார் என்றான். இன்னொருவன், ஆர்வின் சொப்பனத்தில்கூடப் பிடித்திருக்கமாட்டார் என்றான். சண்டை மூண்டது. பையன் தரைக்கு வந்தால்தான் தீர்ப்பு என்று சொல்லி அம்பயர் முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பால் கறக்கும் நேரம் வந்ததும் ஓக் ஃபோர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நாலு பேர் ஏணி வைத்து அவன் காலைப் பிடித்துத் தொங்கினார்கள். ஷூ ஒன்றுதான் கையோடு வந்தது. அவன் அம்மா டார்லீன் வேளாவேளைக்கு உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேகவைத்து வாளியில் போட்டு, வைக்கோல் அள்ளும் நீளக் கழியால் தூக்கிக் கொடுத்தாள். பையன் ஒரு கையால் சாப்பிட்டான், மறு கையில் பந்தை விடவில்லை. ஊர் முழுக்க அதே பேச்சு: வோஸா, பட்னிக்கா, ஆர்வினா, இவனா? பேச்சு ஏற ஏற அவனும் ஏறினான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தேவாலயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தபோது ஒரு சாண் இறங்கினான். மார்லிஸ்தான் முதலில் கவனித்தாள். ஒப்பிட்டுப் பேசுகிற பேச்சுதான் பையனைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அது தீர்ந்தால் இறங்கிவிடுவான் என்றாள்.

சரி, தீர்த்துவிடலாம் என்று ஊர் கூடி, ஆர்வின்தான் உசத்தி என்று கைதூக்கி முடிவு செய்தது. ஆர்வினுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மேலேயிருந்து பையனும், "நீங்கதான் பெரிய ஆளு, ஹால்வர்சன் சார். எனக்கொண்ணும் வருத்தமில்ல" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, தானியக் கிடங்கின் உயரத்துக்குப் போய்விட்டான்.

மூன்று பேரில் உயிரோடிருப்பவர் ஆர்வின் ஒருவர்தான், பையன்தான் உசத்தி என்று அவர் வாயால்தான் வரவேண்டும் என்று எல்லாருக்கும் புரிந்துபோனது. ஆர்வின் கடையை விட்டே வெளியே வரவில்லை. வாளி எட்டாமல்போன அன்று டார்லீன் வந்தாள். "மூணு வேளையா பட்டினி கெடக்கான். உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க" என்றாள். அவர் வாசலுக்கு வந்து ஆகாயத்தைப் பார்த்து, பையன்தான் உசத்தி என்று முணுமுணுத்தார். லைல் ஏணி உயரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றான். வாயளவில் சொன்னதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

மறுநாள் மத்தியானம் ஆர்வின் மைதானத்துக்குப் போனார். அந்த மாதம் மழையே இல்லை. பையனின் ஆணிக்கால் ஷூ பதிந்த தடம் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தார். நின்ற இடத்திலிருந்து வேலிவரைக்கும் நூல் பிடித்தமாதிரி ஒரே கோடு. முதல் அடியே சரியான அடி. அவர் அங்கேயே மண்டிபோட்டு வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். ஊர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது.

"டேய் லைல்" என்றார் கடைசியில். "நான் எந்தப் பந்துக்கும் மொத அடி முன்னாலதான் வெப்பேன். அப்புறம்தான் பின்னால ஓடுவேன். எப்பவும் ஒரு அடி லேட்டு. அதனாலதான் பாய வேண்டியிருந்துச்சு. அதப் பாத்துத்தான் இந்த ஊரே கைதட்டுச்சு."

பையன் மெல்ல இறங்க ஆரம்பித்திருந்தான்.

"நீ பாய வேண்டியதே இல்லடா. உன்னப் பாத்தா எனக்கு வயிறு பத்தி எரியுது. இன்னும் எரியுது. ஆனா நீதான்."

ஷூ போட்ட கால் முதலில் புல்லில் பட்டது, அப்புறம் வெறுங்கால். அம்பயர் எழுந்து அவுட் என்று கையைத் தூக்கிவிட்டுத் தன் காரைத் தேடிப் போனார். அன்று மாலை மார்லிஸ் கடையில் ஆர்வினே உப்புக் குடுவையை எடுத்து லைல் முன்னால் வைத்தார். அவருக்குக் கெச்சப் பாட்டில் கிடைத்தது. வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கிக்கொண்டார்.

இருபத்தைந்து வருஷம் போனது. லைலுக்கு முன்வழுக்கை விழுந்தது, பண்ணையை விற்றான், உப்பு வேண்டியவர்கள் லைலைத் தள்ளச் சொல்லிக் கேட்டார்கள். அப்புறம் ஒரு ஜூலை மாதம் பட்னிக்கின் பேத்தி கோரா அதே வேலியோரம் எகிறி, பந்தைப் பிடித்து, இறங்காமல் நின்றாள். வந்திருந்தவர் வேறு அம்பயர். அவரும் முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். யாரும் ஏணி தேடவில்லை. கோராவின் அம்மா வாளி எடுத்துவர வீட்டுக்குப் போனாள். மற்றவர்கள் எல்லாரும் திரும்பி லைலைப் பார்த்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்பது வயது ஆர்வின், அவன் எழுந்து போக வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். "அதச் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆச்சு" என்றார். "நீ நிதானமா போ."

லைல் எழுந்திருக்காமல், கையிலிருந்த காபியில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கினான்.