முகம் காட்டாத பிள்ளை

இரவிச்சந்திரன் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மனைவியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவள் அவரது கையை மெல்லத் தள்ளினாள்.

"மறைக்காதேங்கோ. பிள்ளை இந்தப் பக்கம் திரும்புறாள்."

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் அந்தப் படம் எப்போதும்போல்தான் தொங்கியது. புலம்பெயர்ந்து சென்ட் லோரன்ட் நகரில் இந்த வீட்டுக்கு அவர்கள் வந்தபோது, முன்பு குடியிருந்தவர்கள் கழற்றாமல் விட்டுப்போன படம். பழைய காலத்துப் பிரெஞ்சு ஓவியர் ஒருவர் தன் வீட்டையே வரைந்தது, அச்சுப் பிரதிதான். கிட்டப் போனால் வெறும் வண்ணத் தீற்றல்கள். தள்ளி நின்றால் யன்னல் வெளிச்சம் விழும் ஓர் அறை, கதிரையில் தைத்துக்கொண்டிருக்கும் தாய், அவள் காலடியில் கம்பளத்தில் விளையாடும் சின்னப் பெண். பிள்ளையின் முதுகுதான் தெரியும். பிடரியில் முடி சுருண்டிருக்கும்.

அந்த முடிக்காகத்தான் ஞானாம்பிகை படத்தைக் கழற்ற விடவில்லை. தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது, கொட்டும் மழைக்குள் நடந்து கொடிகாமம் போய்ச் சேர்ந்த கையோடு, அவர்களின் ஒரே மகள் சாருஜா காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வயது. அவளுக்கும் பிடரி முடி அப்படித்தான் சுருண்டிருக்கும். அல்பங்கள் வீட்டோடு எரிந்தன; அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மனைவி அவளைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் இரவிச்சந்திரன் தலையாட்டுவார். மகளின் முகம் தனக்கு மறந்துபோயிற்று என்று ஒருநாளும் சொன்னதில்லை. குரல் நினைவிருந்தது. தோளில் தூங்கிய பாரம் நினைவிருந்தது. முகம் இருந்த இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"முகம் தெரியுதோ, ஞானம்?"

"ஓம். வடிவாத் தெரியுது."

மருந்து மயக்கம் என்று அவருக்குத் தெரியும். என்றாலும் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் குனிந்தார்.

"எப்பிடி இருக்கிறாள்? சொல்லும்."

ஞானாம்பிகை படத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதே?"

அவர் கிண்ணத்துப் பஞ்சைப் பார்த்தார். கீழே தெருவில் பனி வழிக்கும் வண்டி உறுமிக்கொண்டு போனது.

"பாவம்," என்றாள் அவள். "கிட்ட வாங்கோ, சொல்லுறன்."

அவர் காதை அவள் வாயோடு வைத்தார். மூச்சுத்தான் வந்தது, சூடாக. அடுத்ததற்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

வழமைபோலப் பின்னேரம் மாக்கிரட் வந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி. ஊரில் குருநகர்ப் பக்கம். நாடி பிடித்துப் பார்த்தாள், கண்களை மூடிவிட்டாள்.

"அக்கா போட்டா, அண்ணை."

அவர் தலையசைத்தார். கட்டிலருகே கதிரையில், படமிருந்த சுவருக்கு முதுகைக் காட்டி இருந்தார். மாக்கிரட் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணை, படத்தை மாத்தினனீங்களோ?"

"இல்லையே. ஏன்?"

அவள் சுவரை நோக்கி ஓரடி வைத்தாள். பிறகு பின்வாங்கினாள். கை தானாக எழுந்து நெற்றியில் சிலுவை போட்டது.

"ஒண்டுமில்லை. முந்தி நான் சரியாப் பாக்கேல்லைப் போல."

"என்னத்தைக் கண்டனீர்?"

"நான் வெளியில நிண்டு டொக்டருக்குப் போன் எடுக்கிறன்," என்றாள் அவள், அவர் முகத்தைப் பாராமல். "நீங்களே ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ."

கதவு சாத்தப்பட்டது. சூடாக்கி இரண்டு தரம் முனகிவிட்டு ஓய்ந்தது. இத்தனை வருடமும் அந்த முகம் ஒருமுறை, ஒரேயொரு முறை வந்தால் போதும் என்று கிடந்தவர் அவர்.

யன்னல் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. வெளியே மாக்கிரட் தணிந்த குரலில், பிரெஞ்சில், வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரவிச்சந்திரன் கதிரையின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தபடி, விளக்கைப் போடாமல், திரும்பாமல் இருந்தார்.