விலாசம் கிடைக்காவிட்டால் சரளா வீடு

ஐம்பத்துமூன்று வயதில் ஒருத்தி தன் பிறந்த நாளுக்குத் தானே கேசரி கிண்டிக்கொள்வது குற்றமில்லை. அதை யாரை உட்காரவைத்துக் கொடுத்தேன், எவ்வளவு நேரம் உட்காரவைத்தேன் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் மேப் மென்பொருள் எழுதுகிறவள். நீங்கள் ஃபோனில் ஒரு விலாசத்தைத் தட்டினால், அதை பூமியின் மேல் ஒரு புள்ளியாக மாற்றித் தருவது என் வேலை. இரண்டு எண்கள், அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று, அவ்வளவுதான். கேட்க சுலபமாக இருக்கும். பெங்களூரில் செய்து பாருங்கள், தெரியும். பழைய நம்பர் ஏழு பார் இரண்டு, புது நம்பர் முப்பத்தொன்று, மூன்றாவது கிராஸ் என்பார்கள். ஒரே ஏரியாவில் இரண்டு மூன்றாவது கிராஸ் இருக்கும். கேட்டால் இரண்டு தெருக்காரர்களும் தங்களுடையதுதான் அசல் என்று சண்டைக்கு வருவார்கள்.

விலாசம் கிடைக்காவிட்டால் மென்பொருள் என்ன செய்யும்? ஏதாவது ஒரு புள்ளியைத் தந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நின்றுவிடும். நான்கு வருஷத்துக்கு முன் அந்தப் பகுதியை எழுதியபோது, சோதித்துப் பார்க்க என் வீட்டு கேட் இருக்கும் புள்ளியைப் போட்டேன். எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்வார்கள். மனப்பாடமாக இருக்கும் புள்ளி சொந்த வீடுதானே? வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன்.

போன வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனி எங்கள் மென்பொருளை வாங்கியது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிற கம்பெனி. அந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு பெல் அடித்தது. தோளில் ஐஸ் பெட்டியோடு, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார்.

"ஃபாஸ்டிங்ல இருக்கீங்களா மேடம்?"

"எனக்கு எதுக்குப்பா ஃபாஸ்டிங்?"

அவர் தன் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். மேப்பில் என் வீட்டு வாசலில் சிவப்பாக ஒரு முள் நின்றுகொண்டிருந்தது. விலாசம் பிரேசர் டவுன் என்று இருந்தது, முள் மட்டும் லிங்கராஜபுரத்தில் என் கேட்டில். பார்த்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அது நான் எழுதிய வரி.

"அவங்க வீடு எனக்குத் தெரியும்க்கா, பழைய பேஷன்ட்டுதான்," என்றார் அவர். உமேஷ் என்று சட்டைப் பையில் எழுதியிருந்தது. "ஆனா புது ஆப் விட மாட்டேங்குது. இங்க வந்து நின்னு 'ரீச்ட்' அழுத்தினாதான் ஃபார்ம் ஓப்பன் ஆகுது. இது எந்த மூளைக்காரன் கண்டுபிடிச்சதோ!"

அந்த மூளைக்காரன் எங்கள் டீம்தான். ரத்தம் எடுக்கப் போகாமலே போனதாக யாரும் ஏமாற்றக்கூடாது என்று, புள்ளிக்கு ஐம்பது மீட்டருக்குள் வந்தால்தான் படிவம் திறக்கும்படி செய்திருந்தோம். நான் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

வரியைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். நான் திருத்தவில்லை. ஏன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்: திருத்தினால் யாரும் வரமாட்டார்கள். என் கணவன் அசோகன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. செத்துப்போகவில்லை, விவேக் நகரில் வேறு ஒருத்தியோடு திவ்வியமாக இருக்கிறான். கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி ஆபீஸைக் காலி செய்துவிட்டதால் வேலையும் வீட்டிலேயே. "நீங்க மியூட்ல இருக்கீங்க" என்பதைத் தவிர வேறு பேச்சே என் வாயிலிருந்து வராத நாட்கள் உண்டு. கடையில் சாமான் வாங்கப் போனால்கூட ஃபோனை நீட்டுகிறார்கள், நான் என் ஃபோனை நீட்டுகிறேன், முடிந்தது.

ஆகவே வந்தார்கள். வாரத்துக்கு நான்கைந்து பேர். வீடு தெரியாதவர்களுக்கு நானே லேப்டாப்பில் தேடிச் சரியான தெருவைச் சொல்லி அனுப்பினேன். மென்பொருள் செய்ய முடியாததை நான் கையால் செய்துகொடுக்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்களில் உமேஷ் மட்டும், அந்த பிரேசர் டவுன் பேஷன்ட்டுக்காக, வியாழன் தவறாமல் வருவார். டீ குடித்துக்கொண்டே தன் மனைவி வீணாவின் தையல் கிளாஸைப் பற்றியும், மகள் கன்னடப் பாடத்தில் வாங்கும் மார்க்கைப் பற்றியும் பேசுவார். ஒரு நாள் என் சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வாஷர் வாங்கிவந்து மாட்டிக்கொடுத்தார். புதன்கிழமையே நான் பால் கூடுதலாக வாங்கிவைக்க ஆரம்பித்தேன்.

இப்படிப் பதினோரு மாதம் ஓடியது. பிறகு என் பிறந்த நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்து விழுந்தது.

உமேஷ் ஏழு மணிக்கு வந்து பொத்தானை அழுத்தினார். நான் கேசரியை நீட்டினேன். "உக்காருங்க உமேஷ், இன்னைக்கு எனக்குப் பொறந்த நாள்." அவர் வாட்சைப் பார்த்தார். பார்த்ததை நானும் பார்த்தேன். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு எந்த மனுஷன் எழுந்து போவான்? உட்கார்ந்தார். வீணாவுக்கு வீடியோ கால் போட்டு எனக்கு வாழ்த்துச் சொல்லவைத்தார். நான் இன்னொரு கரண்டி வைத்தேன், இன்னொரு டீ போட்டேன், பழைய ஆல்பத்தைக்கூட எடுத்துவந்தேன். அவர் கிளம்பியபோது மணி ஏழே முக்கால் தாண்டியிருந்தது. அந்த வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பிரேசர் டவுன் வீட்டில் இருந்தவர் பெயர் டோரதி. எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறவர், சர்க்கரை நோயாளி. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து வெறும் வயிற்றில் காத்திருந்திருக்கிறார். உமேஷ் போய்ச் சேர்ந்தபோது சமையலறை வாசலில் மயங்கிக் கிடந்தார். விழுந்ததில் நெற்றி பிளந்திருந்தது. உமேஷ்தான் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். மூன்று தையல்.

இதெல்லாம் எனக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, என் மேனேஜர் ராகேஷ் வீடியோவில் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. டோரதியின் அக்கா மகன் கிளிஃபர்ட் சென்னையிலிருந்து புகார் கொடுத்துவிட்டார். பரிசோதனைக் கம்பெனி தன் ஆளின் பாதையை எடுத்துப் பார்த்திருக்கிறது. சம்பந்தமே இல்லாத ஒரு வாசலில் நாற்பத்தேழு நிமிடம் நின்றிருக்கிறார். உடனே உமேஷை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் அறிக்கை வந்த பிறகுதான் மற்ற முடிவு.

"பயப்படாதீங்க மேடம்," என்றான் ராகேஷ். முப்பத்தொரு வயது, நல்லவன், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டான். "நம்ம ரூல் தெரியும்ல. ரிப்போர்ட்ல யார் பேரும் வராது. எந்த லைன், என்ன ஃபிக்ஸ், அவ்ளோதான். யார் எழுதினதுன்னு நான் பாக்கவே போறதில்ல."

"உமேஷ் பேரு மட்டும் அவங்க லெட்டர்ல இருக்கே?"

"அது அவங்க இன்டர்னல் மேட்டர் மேடம். மேப் தப்பா காட்டிச்சு, அது நம்ம பொறுப்பு. நாப்பத்தேழு நிமிஷம் அவர் அங்க என்ன பண்ணார்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அறிக்கையில் ஒரு கட்டம்: தவறு முதன்முதலாகத் தெரியவந்த தேதி. ராகேஷே அன்றைய தேதியைப் போட்டு அனுப்பியிருந்தான். நான் 'சரி' என்று அழுத்தினால் போதும். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. திட்டக்கூட ஆள் இல்லாத இடத்தில் வேலை செய்கிறோமே என்று எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

அழுத்தவில்லை. வரியை மட்டும் திருத்தினேன். இனி விலாசம் கிடைக்காவிட்டால் எந்த முள்ளும் நிற்காது, ஃபோன் செய்து வழி கேட்கச் சொல்லும். டோரதி வீட்டின் சரியான புள்ளியை நேரில் போய் எடுத்துவருகிறேன் என்று ராகேஷிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை பிரேசர் டவுனுக்குப் போனேன்.

பழைய ஓட்டு வீடு. கேட்டில் ஏழு பார் இரண்டும் இருந்தது, முப்பத்தொன்றும் இருந்தது. வாசலில் நின்று ஃபோனில் புள்ளியைப் பதிந்தேன். இரண்டு நிமிட வேலை, திரும்பியிருக்கலாம். ஆனால் நெற்றியில் பிளாஸ்திரியோடு டோரதி கதவைத் திறந்தார்.

"யாரும்மா?"

"மேப் சரிபண்ண வந்திருக்கேன் ஆண்ட்டி."

"வெயில்ல நிக்காதே, உள்ள வா."

உட்காரவைத்து, கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்ட, கெட்டியான நல்ல டீ. நான் ஒரு வாய் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு."

"ரொம்ப நல்லா இருக்கு ஆண்ட்டி."

"அப்புறம் ஏன் உமேஷ் குடிக்க மாட்டேங்கறாரு?" டோரதி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "முன்னெல்லாம் வியாழக்கெழம ரத்தம் எடுத்துட்டு, இதோ நீ உக்காந்திருக்கியே, இங்கதான் உக்காருவாரு. பன்னு வாங்கி வெச்சிருப்பேன். ரெண்டு பேரும் அரை மணி பேசுவோம். எனக்கு வாரத்துல அது ஒண்ணுதான். போன வருஷத்துல இருந்து 'இப்பதான் குடிச்சேன் ஆண்ட்டி, லேட் ஆச்சு'ன்னு நின்ன கால்லயே ஓடறாரு. என் டீ நல்லா இல்லியோன்னு நெனச்சேன். மூணு தடவை டீத்தூள மாத்திட்டேன்மா. ஏலக்காய் போட்டேன், இஞ்சி போட்டேன். ஒண்ணுத்துக்கும் அசையல."

பதினோரு மாதமாக என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது இந்த வீட்டின் அரை மணி நேரம். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கான பதில் டீத்தூள் மாற்றிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தது.

"பாவம், அவரு வேலை போயிடுமாம்மா? என்னைத் தூக்கிட்டு ஓடினவரு."

"உங்க டீ மேல தப்பில்ல ஆண்ட்டி," என்றேன். "அவர் என் வீட்ல குடிச்சிட்டு வந்தார். மேப் தப்பா என் வீட்டக் காட்டிச்சு. அத எழுதினது நான்தான். தெரிஞ்சும் மாத்தல. அன்னைக்கு அவர லேட் பண்ணதும் நான்தான், என் பொறந்த நாள்னு உக்கார வெச்சேன்."

டோரதி நெற்றிப் பிளாஸ்திரியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தெரிஞ்சே செஞ்சியா?"

"ஆமா ஆண்ட்டி."

"உனக்கு வீட்ல யாரும் இல்லியா?"

"இல்ல."

"எனக்கும்தான் இல்ல." எழுந்து என் கையிலிருந்த கப்பை வாங்கிக்கொண்டார். பாதி டீ அதில் இருந்தது. "போம்மா. கேட்டச் சாத்திட்டுப் போ."

நான் ஏங்கிய திட்டு இதுதான். கிடைத்தும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறிக்கையைத் திறந்தேன். தவறு தெரியவந்த தேதியை அழித்துவிட்டு, பதினோரு மாதத்துக்கு முந்தைய வியாழக்கிழமையைப் போட்டேன். கீழே எழுதினேன்: ஊழியர் உமேஷ் வேலை நேரத்தில் ஊர்சுற்றவில்லை. மென்பொருள் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வரியை எழுதியவளும், தெரிந்தே திருத்தாமல் விட்டவளும், நாற்பத்தேழு நிமிடம் அவரைப் பிடித்துவைத்தவளும் ஒருத்தியே. பெயர் சரளா.

ராகேஷ் உடனே கூப்பிட்டான். "மேடம், பேரெல்லாம் எதுக்கு? யாரும் கேக்கலியே. டெலீட் பண்ணிடுங்க, நான் பாத்துக்கறேன்."

"ரத்தக் கம்பெனிக்கும் அனுப்பிட்டேன்பா," என்றேன்.

புதன்கிழமை உமேஷை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் எனக்கு ஃபோன் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. மாதக் கடைசியிலிருந்து என்னை மேப்பில் ஏரிகளுக்கு எல்லைக்கோடு போடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஏரிகளுக்கு டீ குடிக்கும் பழக்கம் இல்லை என்பதால் இருக்கலாம். அதுவரை, செய்த திருத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

மறுநாள் வியாழன். காலை ஆறே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். உமேஷ் என்கிற நீலப் புள்ளி ஹென்னூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் ஏறியது. என் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி, நிற்காமல் நேராகப் போய்விட்டது. ஏழு பத்துக்கு டோரதி வீட்டு வாசலில் நின்றது. படிவம் திறந்தது.

ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். ஏழேகால் ஆயிற்று, புள்ளி நகரவில்லை. ஏழரைக்கும் அங்கேயேதான் இருந்தது. நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நாற்பத்தொன்றுக்குத்தான் அது கிளம்பியது.

திருத்த வேலைக்கான டிக்கெட்டில் 'சரியாக வேலை செய்கிறது' என்று எழுதி மூடினேன். ஃபிரிட்ஜில் புதன்கிழமை வாங்கிய பால் அப்படியே இருந்தது.