சிரித்தால் வெளியே

அந்தக் கூர்முனை ஜன்னல் வீட்டுக்கு முன்னால் சனிக்கிழமை காலையிலேயே கூட்டம் அலைமோதியது. அந்த வீட்டின் முன்னால் வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு முறைத்து நிற்கும் விவசாயியையும், பக்கத்தில் உம்மென்று நிற்கும் பெண்ணையும் வரைந்த ஓவியத்தை உலகமே கேலி செய்தாகிவிட்டது. பூனைகளாக வரைந்தார்கள், எலும்புக்கூடுகளாக வரைந்தார்கள், சோளப்பொரி டப்பாவில்கூட ஒட்டினார்கள். ஆனால் அந்தக் கேலியை ஒழுங்காகப் போட்டி வைத்து நடத்தத் தெரிந்தவர்கள் ஐயோவாவின் இந்தச் சிற்றூர்க்காரர்கள்தான்.

ஜோடிகள் படத்தில் உள்ளபடியே உறைந்து நிற்க வேண்டும். எதிரே கேலி ஊர்வலம் போகும். சிரித்தாலும் பேசினாலும் வெளியே. கடைசிவரை நிற்பவர்களுக்குக் கோப்பை.

லவோனுக்கு அந்தக் கோப்பைமேல் பல வருடமாகக் கண். வருடாவருடம் அதைக் கெடுத்தவன் அவள் கணவன் வெண்டல். முதல் கோமாளி தெருமுனையில் தெரிந்தாலே கெக்கெக்கே என்று ஆரம்பித்துவிடுவான்.

இந்த வருடம் கவலையில்லை. மூட்டு தேய்ந்து, போன இலையுதிர் காலத்தில் தான் வளர்த்த பன்றிகளையெல்லாம் விற்றதிலிருந்து வெண்டல் சிரிக்கவே இல்லை. லவோனும் அதைப் பற்றி அவனிடம் பேசவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்ப்பதையே தவிர்த்து வந்தாள்.

"என்ன வெண்டல், இந்தத் தடவையாவது ரெண்டு நிமிஷம் தாக்குப்பிடிப்பியா?" என்று சீண்டினான் க்ளைட். போன வருடக் கோப்பை அவன் வீட்டில்தான் இருந்தது.

"மனுஷன் மூஞ்சியப் பாரு. படத்துலேருந்தே எறங்கி வந்த மாதிரி இல்ல? நீ உன் வாயப் பாத்துக்க," என்றாள் லவோன்.

விசில் ஒலித்தது. விண்வெளி வீரர்கள் கவைக்கோலோடு மிதந்து போனார்கள். தாடி வைத்த இருவர் ஏப்ரன் கட்டி, படத்தில் இருப்பது மனைவியா மகளா என்று அடித்துக்கொண்டார்கள். ஜோடிகள் மளமளவென்று விழுந்தன. கொஞ்ச நேரத்தில் மிச்சம் இருந்தவர்கள் க்ளைட் தம்பதியும் இவர்களும்தான்.

"க்ளைட் உதடு ஆடுது, ஆடுது," என்று கூட்டம் கத்தியது.

அப்போதுதான் இரண்டு பன்றிகள் வந்தன. படத்தில் உள்ளதுபோலவே ஒன்றுக்குக் கறுப்புக் கோட்டு, ஒன்றுக்குக் கழுத்தில் புரோச்சு ஊசி. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

படத்தில் ஆண் நேராகப் பார்ப்பான். பெண் ஓரக்கண்ணால் அவன் பக்கம் பார்க்க வேண்டும். அதனால் லவோனுக்குப் பன்றிகள் தெரியவில்லை, வெண்டல்தான் தெரிந்தான். அவன் கண்கள் மட்டும் அவற்றின் பின்னாலேயே போய், போகும் வரை போய், வெறுமனே திரும்பி வந்தன. இது அடக்கிக்கொண்ட சிரிப்பு இல்லை. உள்ளே அடக்க எதுவுமே இல்லை. அவளுக்குப் பகீரென்றது. இந்த முகத்தை வைத்தா கோப்பை வாங்கப் பார்த்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"வெண்டல், ஜிப்பு தொறந்து கெடக்கு."

"லவோன் பேசிட்டா. ரெண்டு பேரும் வெளிய," என்று அறிவித்தார் நடுவர்.

வெண்டல் அவசரமாகக் குனிந்து பார்த்தான்.

"மூடித்தான இருக்கு?"

"ஆமா."

"அப்புறம்?"

"சும்மா சொன்னேன்."

"இத்தனை வருஷமா என்னைத் திட்டித் தீத்துட்டு, இப்ப நீயா..." அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. கவைக்கோலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

க்ளைட் கோப்பையோடு வந்தான். "கைக்கு வந்தத இப்படிக் கோட்டை விட்டுட்டியே லவோன்."

"மறைக்காத க்ளைட், தள்ளிக்க," என்றாள் அவள். "நான் பாத்துக்கிட்டிருக்கேன்."