விட்டுப்போன ஏழாம் வரி

"மஞ்சள் அட்டையையும் குடுத்துட்டீங்கன்னா ஃபைலை முடிச்சுருவேனுங்க அக்கா" என்று கம்பெனி ஆபீஸில் பயண வேலையைப் பார்க்கும் மஹ்னூர் கையை நீட்டினாள். சித்ராதேவி தன் பிளாஸ்டிக் உறையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினாள். பாஸ்போர்ட் இருந்தது, அதற்கு இரண்டு நகல் இருந்தது, வெள்ளைப் பின்னணியில் இரண்டு காதும் தெரிய எடுத்த போட்டோ எட்டு இருந்தது. மஞ்சளாக ஒன்றும் இல்லை.

"அப்படி ஒண்ணு லிஸ்ட்டுலயே இல்லையே தாயி" என்றாள்.

வெள்ளிக்கிழமை விமானம். இன்று புதன். கம்பெனி எத்தியோப்பியாவில் புதிதாகத் திறக்கும் பனியன் ஃபேக்டரிக்கு, அங்கத்திய பெண்களுக்குத் தையல் பழக்க இரண்டு வருஷத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் முதுகு வளைத்தவள் சித்ராதேவி. தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரைக்கு வந்தவள். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, வாடகைப் பத்திரம் எல்லாவற்றிலும் அவள் ஜெயபாண்டியின் மனைவிதான். முதல் தடவையாக ஒரு காகிதத்தில் அவள் பெயரை மட்டும் அடித்து, கீழே 'டிரெய்னிங் இன்சார்ஜ்' என்று போட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தை அவள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பார்த்துப் பார்த்து மடிப்பே கிழிந்துவிட்டது.

பயணக் குறிப்பை ஆபீசில் இங்கிலீஷில் இரண்டு பக்கம் கொடுத்தார்கள். எட்டாவதோடு நின்றவளுக்கு இங்கிலீஷ் என்றால் எஸ், எம், எல், எக்ஸெல், அவ்வளவுதான். பன்னிரண்டு படித்த ஜெயபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் குப்புறப் படுத்துக்கொண்டு, தெரியாத வார்த்தைக்கெல்லாம் ஃபோனில் அர்த்தம் பார்த்துத் தமிழில் எழுதினான். பிரிண்டிங் பட்டறையில் எழுத்து வரைந்து பழகிய கை, அச்சு மாதிரி எழுதும். அதை லேமினேட் பண்ணி பீரோவில் ஒட்டியும் வைத்தான். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாசமாவது ஆயுள் இருக்கணும். மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூட வேணும். குழாய்த் தண்ணி குடிக்காதே. அரசாங்கக் கட்டடத்தைப் போட்டோ எடுக்காதே. ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேள்வி வேறு கேட்பான். "பாஸ்போர்ட் தொலஞ்சுபோச்சு, என்ன பண்ணுவ?" "போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு எம்பசிக்குப் போவேன்." "சபாஷ், இந்தா இன்னொரு அப்பளம்." தையல் லைனில் இருந்த பொம்பளைகள் எல்லாம் அவள் காதுபடவே பெருமூச்சு விட்டார்கள். புருஷன்னா இப்படி வாய்க்கணும் என்றார்கள்.

மஹ்னூர் இங்கிலீஷ் தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். ஏழாம் எண்ணுக்கு நேரே எழுத்துகள் தடித்திருந்தன. அவள் வாசித்து அர்த்தம் சொன்னாள். மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஊசி போட்டதற்கு மஞ்சள் அட்டை. போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அட்டை செல்லும்.

"அவரு இதைக் கவனிக்காம விட்டுருப்பாரு" என்றாள் சித்ராதேவி.

மஹ்னூர் பேனாவை மூடி வைத்தாள். "நான் ரெண்டு தடவை அவருக்குக் கூப்பிட்டுக் கேட்டனுங்க அக்கா. ஃபாரத்துல அவரு நம்பர்தானுங்க இருக்குது. சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டாச்சு, அட்டை ஊட்டுல பத்திரமா இருக்குதுன்னு சொன்னாருங்க."

வரியை விட்டது கண்ணின் தப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். போடாத ஊசியைப் போட்டாச்சு என்று வாய் எப்படிச் சொல்லும்?

பெருமாநல்லூர் யூனிட் வேல்விழிக்கு அட்டை தயாராக இருக்கிறதாம், இந்தத் தடவை சித்ராதேவிக்குப் பதில் அவள் போவாளாம். அடுத்து எப்போது என்று கேட்டதற்கு, "தெரியலீங்க அக்கா, நான் பொய் சொல்லக்கூடாது" என்றாள் மஹ்னூர்.

பஸ்ஸுக்கு நிற்காமல் மண்ணரைக்கு நடந்தே வந்தாள். கூட இருந்தே குழி பறிப்பது என்று ஊரில் சொல்வார்கள். இவன் குழியைப் பறித்து, அதன்மேல் பாயை விரித்து, உட்காரு புள்ள என்று கையையும் பிடித்து உட்கார வைத்திருக்கிறான். அழுகை வரவில்லை. அந்த அப்பளத்தைத் தின்றோமே என்று இருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு காலத்தில் மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கியில் எடை பார்க்கும் தராசை மாட்டி, அதில் புதுப்பெட்டியைத் தொங்கவிட்டிருந்தான் ஜெயபாண்டி. பெட்டியில் அவள் பெயரைச் சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தது.

"வா புள்ள. இருவத்திரெண்டே முக்கா. இன்னும் கால் கிலோ வைக்கலாம். இட்லிப்பொடி வைக்கவா?"

"லிஸ்ட்ட ஒருக்கா வாசிங்க."

"உனக்குத்தான் மனப்பாடமாச்சே."

"வாசிங்க."

வாசித்தான். ஐந்து, குடிதண்ணீர். ஆறு, மருந்துக்கு டாக்டர் சீட்டு. ஏழு, கரண்ட் பிளக்கு.

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?"

அவன் பட்டியலைப் பார்த்தபடியே சொன்னான்.

"தடுக்கணும்னு நெனைக்கல சித்ரா. பாஸ்போர்ட்டு வராதுன்னு நெனச்சேன், வந்துருச்சு. மெடிக்கல்ல சுகர்னு தள்ளிருவாகன்னு நெனச்சேன், தள்ளல. விசாவும் வந்துருச்சு. ஒவ்வொண்ணா வந்துக்கிட்டே இருந்துச்சு. அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"சொன்னா நின்னிருப்பியா?"

அவள் யோசித்தாள். நின்றிருப்பாளோ என்னவோ. இப்போது அதைச் சொல்லி அவனுக்கு நிம்மதி கொடுக்க மனசில்லை.

"அப்ப இந்தப் பெட்டி எதுக்கு?"

"பெட்டி வாங்காட்டி உனக்குத் தெரிஞ்சு போயிருமே."

எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு தீபாவளிக்கு அவன் கைநீட்டியதுகூட உண்டு. அதெல்லாம் இவ்வளவு வலிக்கவில்லை. இருபத்திரண்டே முக்கால் கிலோவையும் ஒவ்வொன்றாக மடித்து வைத்தவன் இவன். அவளுடைய உள்பாவாடையைக்கூடச் சுருட்டி இடம் மிச்சம் பிடித்துக் கொடுத்தான்.

"நாளைக்கு நான் சென்னைக்குப் போயி ஊசி போட்டுக்கிறேன்" என்றாள். "ஒருக்காப் போட்டா ஆயுசுக்கும் போதுமாம். அடுத்த தடவைன்னு ஒண்ணு வந்தா கையில இருக்கட்டும்."

"நாளைக்குப் போடமாட்டாக" என்றான் ஜெயபாண்டி, ராத்திரிச் சோற்று நேரத்து அதே குரலில். "செவ்வாயும் வெள்ளியுந்தான். காலைல ஒம்போதுக்குள்ள வரிசையில நிக்கணும். பாஸ்போர்ட் ஒரிஜினல் வேணும், நகல் ஆகாது."

ஊசிக்கு எல்லாம் விசாரித்து வைத்திருந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

சித்ராதேவி பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். இன்சார்ஜ் என்று போட்ட காகிதத்தைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினாள். செவ்வாய். வெள்ளி. ஒன்பது மணி. ஒரிஜினல். அவளுடைய எழுத்து கோணல்மாணலாக, மடிப்பின்மேல் ஏறி இறங்கிப் போனது.

"அப்பறம்?" என்றாள், தலையைத் தூக்காமல்.

கொக்கியில் பெட்டி மெதுவாகச் சுற்றியது. சிவப்பில் எழுதிய அவள் பெயர் அவன் பக்கம் போய், சுவர்ப் பக்கம் போய், மறுபடி அவள் பக்கம் வந்தது.