பீரோவுக்குப் பின்னால் ஒரு மெயின்

மின்சாரம் என்னிடம் எந்த ரகசியத்தையும் மறைத்ததில்லை. மூன்று வருடமாகக் கல்லூரியில் அதைப் படிக்கிறேன்; இந்நேரம் அதுவும் என்னை ஓரளவு படித்திருக்கும். ஆகவே எங்கள் பழைய வீட்டின் இரண்டு துளை சாக்கெட்டுகளைக் கழற்றி, எர்த் கம்பி இழுத்து, மூன்று துளை மாட்டும் மாபெரும் பணிக்கு நானே தலைமை தாங்குவதாக அறிவித்தேன். வேலையைச் செய்ய சித்தி வந்தாள். இருபது வருட எலக்ட்ரீஷியன்.

மதியம் இரண்டு மணிக்கு அக்காவுக்குப் புது வேலையில் முதல் நாள், வீட்டிலிருந்தே. கம்ப்யூட்டர் ப்ளக்கோ தீக்குச்சி செருகினால்தான் நிற்கும். யாராவது தும்மினால் அணைந்துவிடும்.

"இன்னைக்கு மட்டும் கட் ஆச்சு, உன்னைத்தான் அந்த ஓட்டைல சொருகுவேன்" என்று அக்கா என்னை வாழ்த்தினாள்.

சித்தி முதலில் கரண்ட் இருக்கும் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்தாள். பிறகு மெயின் ஸ்விட்சை இறக்கினாள். பிறகும் ஒவ்வொரு துளையாக டெஸ்டர்.

"மெயினையே இறக்கியாச்சு. இன்னும் யாரைப் பாத்து சித்தி பயம்?"

"பயந்து பயந்தே இருபது வருஷம் ஓட்டிட்டேன்டா. பத்து விரலும் இருக்கு, எண்ணிக்கோ."

பன்னிரண்டரைக்குள் ஹாலில் மூன்று முடிந்தன. அடுத்தது அக்காவின் அறையில், மேஜையை ஒட்டிய சுவர். நேரமாகிறதே என்று ஸ்க்ரூடிரைவரோடு நானே பாய்ந்தேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டு டெஸ்டரை வைத்தாள்.

எரிந்தது. மெயின் இறங்கிய வீட்டில், பளிச்சென்று!

என் விரல்களை எண்ணிக்கொண்டேன்.

"வேற எங்கிருந்தோ வருது. தேடுங்க!" என்றாள் சித்தி.

வீடே கிளம்பியது. அம்மா பரணில் ஏறினாள். அக்கா கட்டிலுக்கடியில் நுழைந்தாள். நான் பீரோவைத் தள்ளினேன். பின்னால், ஒட்டடைக்குள், இன்னொரு மெயின்!

"அதுவா? முன்னாடி இந்த ரூம்ல குடியிருந்தவருக்குத் தனியா வச்சது" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

"இவ்வளவு நேரம் ஏம்ப்பா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

அதையும் இறக்கி, மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே சித்தி கை வைத்தாள். ஒன்றே முக்காலுக்குப் புது சாக்கெட் தயார். ப்ளக் 'டக்'கென்று உட்கார்ந்தது. தும்மிப் பார்த்தேன். அணையவில்லை. சரியாக இரண்டுக்கு அக்கா, நாங்கள் யாரும் கேட்டறியாத ஒரு இனிய குரலில், "குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்றாள். கம்ப்யூட்டரும் மோடமும் தனி மெயினில். வீட்டு மெயினை இறக்கினாலும் இனி அவளுக்கு ஆபத்தில்லை.

சமையலறை சாக்கெட் ஒன்றுதான் பாக்கி. "நீ மாட்டுடா, படிச்சவன்" என்று வீட்டு மெயினை இறக்கிவிட்டு சித்தி சாப்பிட உட்கார்ந்தாள்.

நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு, கேமராவில் விழாமல், அக்காவின் மேஜைக்கடியில் தவழ்ந்தேன். ப்ளக்குக்குப் பக்கத்துத் துளையில் வைத்தேன். எரிந்தது. அக்கா சிரித்த முகம் மாறாமல் ஓர் உதை விட்டாள்.

சமையலறைக்கு வந்து முதல் துளையில் வைத்தேன். பிறகு இரண்டாவதில். சித்தி பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதல் துளையில் இன்னொரு முறை.