ஏழாம் மாதத்து வளையல்கள்

என் கணவர் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிய வருடம் ரப்பருக்கு விலையே இல்லை. தோட்டங்களில் ஆட்களைக் கணக்குத் தீர்த்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். பினாங்கு ஆஸ்பத்திரியில் அவரோடு படித்தவர்களில் பாதிப் பேர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குக் கிள்ளானுக்குத் தெற்கே, ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. நாங்கள் இருந்ததோ கிளந்தானில், கோலகிராயில். நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். தண்டவாளம் இருக்கும்வரை எந்த ஊரும் தூரமில்லை என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

ரயில் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஜன்னலில் மரமும் ஆறும் தவிர ஒன்றுமில்லை. அவர் பரீட்சைச் சான்றிதழைச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார். கோலாலம்பூரில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் அவருடைய சிநேகிதர் வீட்டில் ஓர் இரவு தங்கினோம். விடியும்போது தெருக்குழாயடியில் பெண்கள் கூடி ஒரே சத்தம். குடத்துக்குச் சண்டை, மாமியாரைப் பற்றிப் புகார், சிரிப்பு, எல்லாம் தமிழில். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இங்கேயே வேலை பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கொடுத்தா பாக்கலாம்" என்று சிரித்தார். மத்தியானம் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து லோரியில் தோட்டம் சேர்ந்தோம்.

டிரெஸ்ஸர் வீடு மேட்டில் இருந்தது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, மறுபக்கம் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி வீடு. பள்ளத்தில் தொழிலாளர் லயங்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு செம்மண் பாதை. அதில் நான் இறங்கக் கூடாது என்று வந்த முதல் வாரமே அவர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் புதுசு, புஷ்பம். மீசைகூட சரியா மொளைக்கல. நாலு பேர் மதிச்சாத்தான் நான் குடுக்குற மருந்தக் குடிப்பாங்க. நீ கீழ போயி கதை பேசினா, பழைய டிரெஸ்ஸர் வீட்டம்மா இப்படியா இருந்தாங்கன்னு பேசுவாங்க."

லயத்துப் பெண்களும் காய்ச்சல், பிரசவம் என்றால்தான் மேலே வருவார்கள். வந்தாலும் ஆஸ்பத்திரியோடு போய்விடுவார்கள். விடியுமுன் அவர் புறப்பட்டால் மத்தியானம் சாப்பிட வருவார். பாதிச் சாப்பாட்டில் யாராவது ஓடிவந்து கூப்பிடுவார்கள். சாயங்காலங்களில் நான் பின்படியில் உட்கார்ந்திருப்பேன். கீழே தண்ணீர்க் குழாயடியிலிருந்து பேச்சுச் சத்தம் மேலே வரும். வார்த்தை புரியாது. ஆனால் குரல்கள் பழகிவிட்டன. கம்மிய குரல் ஒன்று மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு எழும்பும். அந்தக் குரல் கேட்காத நாளில் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொள்வேன். அவள் யாரென்று எனக்குத் தெரியாது.

அங்கே போன கொஞ்ச நாளில் நான் உண்டானேன். ஏழாம் மாதத்தில் அம்மா வந்து வளையல் போட்டுப் பிரசவத்துக்கு என்னை ஊருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அந்த நாளை எண்ணித்தான் நான் பொழுதை ஓட்டினேன். ஐப்பசி கடைசியில் கிளந்தானில் பெருவெள்ளம். பாலம் ஒன்று சாய்ந்து, தண்டவாளத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிள்ளானுக்குப் போய்க் கண்ணாடி வளையல்கள் வாங்கி வந்தார். பச்சையும் சிவப்பும், வைக்கோல் சுற்றி. "அத்தை வராட்டி என்ன, நாமே செய்வோம். வர்ற புதன்கிழமை நல்ல நாளாம்."

"யாரு போட்டு விடுவாங்க?"

அவர் வைக்கோலைப் பிரித்து வளையல்களை எண்ண ஆரம்பித்தார். வளையல் போட நாலு சுமங்கலிகளாவது வேண்டும். தலைப்பிள்ளை. ஒருவரும் கை தொட்டு வாழ்த்தாமல் பிரசவத்துக்குப் போக எனக்கு மனமில்லை.

பக்கத்து வீட்டுக் கந்தப்பு கிராணியின் மனைவி மீனலோசனியிடம் முதலில் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர். என்மேல் பிரியமுள்ளவர். முருங்கைக்காய் காய்த்தால் எனக்கு ஒரு பங்கு வரும்.

"வளைகாப்போ? பிள்ளை பிறக்க முன்னமோ?" என்று நெஞ்சில் கை வைத்தார். "எங்கட ஆக்களுக்குள்ள உப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை. பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு கழியுமட்டும் நாங்கள் வாயே திறக்கமாட்டம். கண்ணூறு பொல்லாதது."

"நீங்க வந்து ஒரு வளையல் போட்டாப் போதும் அக்கா."

"உனக்கு ஒண்டு நடந்தால் நான் என்னெண்டு தாங்குவன்? உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன், நான் வரேல்லை." கண் கலங்கிவிட்டார். கையில் ஒரு போத்தல் நல்லெண்ணெய் கொடுத்து அனுப்பினார்.

இனி லயத்துப் பெண்கள்தான். எங்கள் வழக்கப்படி குங்குமச் சிமிழோடு ஒரு பெண் வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். எனக்கு அனுப்ப ஆளில்லை. நான் போகவும் கூடாது. "கங்காணிகிட்ட சொல்லிடுறேன், அவரு சொல்லிடுவாரு" என்றார் அவர். சொன்னார்தான். ஆனால் ஆண்பிள்ளைகள் நிறைந்த இடத்தில் மனைவியின் வயிற்றைப் பற்றிப் பேச அவருக்கு வெட்கம். புதன்கிழமை பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் வேலாயுதம் கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை.

வேலாயுதம் கங்காணி நல்ல மனிதர், குரல்தான் பீரங்கி. புதன்கிழமை விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது அவர் போட்ட சத்தம் மேட்டுக்கே கேட்டது.

"வேலை முடிஞ்சதும் பொம்பளைங்க அத்தன பேரும் டிரெஸ்ஸரய்யா வூட்டுக்கு வந்துடணும்! புள்ளைங்களையும் குளிப்பாட்டிக் கூட்டியாங்க! ஒருத்தியும் தப்பிக்கப்படாது, ஆமா!"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரை என்று ஐந்து வகைச் சோறும் கிளறினேன். தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், பூ, வளையல்களை அடுக்கினேன். கூடத்தில் பாய் விரித்து, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை முடியும் மணி அடித்து ஓய்ந்தது. யாரும் வரவில்லை. வெயில் படியை விட்டு இறங்கியது. கீழே குழாயடியில் வழக்கமான சத்தமும் இல்லை. லயமே காலியாகிவிட்டது போல் ஒரு அமைதி. என்னைப் பிடிக்கவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? சோற்றின் மேல் ஈ மொய்க்காமல் இலையை மூடி வைத்தேன். பிறகு அதைத் திறந்து பார்க்கவே மனம் வரவில்லை.

அப்போது பின்படியில் ஒரு குரல். "டிரெஸ்ஸரய்யா இல்லீங்களா?"

அந்தக் கம்மிய குரல். ஓடிப் போய்ப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், மெலிந்த பெண். நெற்றி வெறுமையாக இருந்தது. ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் இராஜம்மா. ஊசி போடணும்னாங்களே, அதான் வந்தேன்."

"என்ன ஊசி?"

"அம்மை ஊசிதான், வேற என்ன? போன தடவையும் இப்படித்தான் கங்காணி கத்துனாரு. புள்ளைங்களக் குளிப்பாட்டு, ஒருத்தியும் தப்பிக்கப்படாதுன்னு. அதக் கேட்டதுமே எல்லாக் கழுதைங்களும் புள்ளகுட்டியத் தூக்கிட்டு ரப்பர் காட்டுக்குள்ள பூந்துடுச்சுங்க. நான் எதுக்கு ஓடணும்? என் வூட்டுக்காரரு ஊசிக்குப் பயந்து ஓடித்தான் அம்மையில போய்ச் சேந்தாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஊசி இல்லக்கா. வளையல்."

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். கூடத்துத் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவிங்களா! அந்தக் கங்காணி வாயில மண்ணப் போட!" என்று சிரித்தவள், சட்டென்று படியிலிருந்து முற்றத்துக்கு இறங்கி நின்றுகொண்டாள்.

"நீங்க போட்டு விடுங்கக்கா" என்று கையை நீட்டினேன். "வேற யாரும் வரல."

"ஐயோ, வாயக் கழுவும்மா! தாலியறுத்த கை. அதெல்லாம் கேக்கப்படாது. செத்த இருங்க, நான் அதுங்கள இழுத்துட்டு வரேன்."

அவள் ரப்பர் மரங்களின் ஓரத்தில் போய் நின்று கத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது. "ஏய்! வெளிய வாங்கடி! ஊசி இல்லடி, வளையலு!"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "பொய் சொல்றாடி! அவளுக்குக் குத்திட்டாங்க, நம்மளயும் மாட்டிவிடப் பாக்குறா!"

"எங்கடி குத்தியிருக்கு? வந்து பாரு என் கைய!"

மரங்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். காலெல்லாம் சேறு, இடுப்பில் பிள்ளை, கொசுக்கடி. வாசலுக்கு வந்தும் ஒருத்தி, "ஐயா ஆஸ்பத்திரிலதானே இருக்காரு? ஊசிப் பெட்டியும் அங்கதானே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் உள்ளே கால் வைத்தாள். அப்புறம் வீடே கலகலத்தது. என் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வளையல் ஏறாத கையில் சோற்றுக் கஞ்சி தடவி வழித்து ஏற்றினார்கள். "எதுக்குன்னு சொல்ல டிரெஸ்ஸரய்யாவுக்கு வெக்கத்தப் பாருடி, பண்ணும்போது இல்லாத வெக்கம்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாப்பிட்டார்கள். இருட்டுமுன் அடுப்புப் பற்றவைக்க வேண்டுமென்று அவசரமாக இறங்கிப் போனார்கள்.

இராஜம்மா அவ்வளவு நேரமும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றிருந்தாள். கூட்டம் போனதும் பார்த்தேன், அவளைக் காணோம். ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை.

ஐந்து சோற்றிலும் கொஞ்சம் எடுத்து இலையில் கட்டினேன். அவர் இன்னும் வரவில்லை. செம்மண் பாதையில் இறங்கினேன். இரண்டு கை வளையலும் எனக்கு முன்னால் சத்தம் போட்டுக்கொண்டு போயின. நான் லயத்தை நெருங்க நெருங்க அங்கே பேச்சு நின்றது. தின்பண்டம் கேட்டு அழுத பிள்ளைகூட அடங்கியது. ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து, "யாருக்கும்மா என்னாச்சு?" என்று பதறினார். டிரெஸ்ஸர் வீட்டம்மா இறங்கி வந்தால் ஏதோ நோய் என்றுதான் அர்த்தம். சற்றுமுன் என் கையைப் பிடித்து வளையல் போட்டவள்கூடத் தன் வாசலில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

கடைசி வீடு இராஜம்மாவுடையது. "ஏம்மா எறங்கி வந்தீங்க? ஐயா என்னைத்தானே திட்டுவாரு" என்றாள். நான் அவள் வாசல் பலகையில் உட்கார்ந்து இலையைப் பிரித்தேன். நானும் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டோம். அவள் பாதி முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டாள் திடீரென்று.

அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "தங்கமணி" என்றேன். வாயில் கவளத்தோடு அழ ஆரம்பித்துவிட்டேன்.

அவள் என்னைத் தொடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. "அழுவுங்க" என்றாள். "மேல போனா அழ முடியாதில்ல. இங்கயே அழுதுட்டுப் போங்க."

அவர் விளக்கோடு தேடிக்கொண்டு இறங்கி வந்தார். என்னையும் என் கைகளையும் பார்த்தார். விளக்கை என் காலடிக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போய்த்தான் ஊசிக் கதையைக் கேட்டார். பாயில் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் அப்படி அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தை பிறக்குமுன் தோட்டத்தில் மறுபடியும் ஆட்குறைப்பு. புருஷன் இல்லாதவளைத்தான் முதலில் நிறுத்தினார்கள். இராஜம்மா கிள்ளானுக்கு வடக்கே மேரு பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்று கங்காணி சொன்னார். அதற்குள் ரயில் பாதையும் சரியாகி அம்மா வந்துவிட்டாள். மேருவுக்கு ஆள் விட்டு விசாரித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

என் கணவர் காலமாகி இந்த ஆவணியோடு ஒரு வருடம். கடைசியில் அவருக்குப் பெரிய பெயர் இருந்தது. எத்தனையோ தோட்டங்களிலிருந்து இழவுக்கு ஆட்கள் வந்தார்கள். மீனலோசனி அக்காவும் தள்ளாத வயதிலும் வந்தார். என் கையிலிருந்த வளையல்களைக் கழற்றும்போது எல்லோரும் அழாதே, அழாதே என்றார்கள். பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள். நானும் சரி என்று தலையாட்டுகிறேன்.