மனூசோஸ் உட்கார்ந்த இடம்

மனூசோஸுக்குப் பேச வரும். வேறெதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி வராது. இது அவரே ஒத்துக்கொள்கிற விஷயம். க்ரீட் தீவில், மலையடிவாரத்து ஊரில், பல வருஷம் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தார். கட்டிய வீடு இடியும், வளர்த்த ஆடு சாகும் என்று வாசல் வாசலாகப் போய்ப் பேசிப் பேசி, கடைசியில் அவர் தலை தெரிந்தாலே ஊரே கதவைச் சாத்துகிற நிலைமை வந்தது. உள்ளூரில் கேட்க ஆளில்லை என்றால் வெளியூரிலிருந்து ஆள் பிடித்துக் கேட்க வைக்கலாமே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. பூ பார்க்கும் நடைப்பயணத்துக்கு வழிகாட்டி ஆனது அப்படித்தான்.

அக்டோபரில், கடற்கரைக் கூட்டம் துண்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, முதல் மழைக்குக் கல்லிடுக்கெல்லாம் பூக்கும். அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லாருமே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கழுத்தில் தாலி மாதிரி ஒரு பூதக்கண்ணாடி, முழங்காலில் மெத்தை. பத்தடி நடப்பார்கள். யாராவது ஒருவர் "ஆ!" என்பார். அவ்வளவுதான், அத்தனை பேரும் குப்புறப் படுத்துவிடுவார்கள். நகத்தளவு பூ ஒன்றைப் பார்த்து முடித்து, ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்திக்கொள்வதற்குள் பாதிக் காலை போய்விடும்.

மனூசோஸின் மனைவிக்கு அண்ணன் யாகூமிஸ். மலையில் ஆடு மேய்ப்பவர். இந்தக் காட்சியைப் பார்க்கவென்றே அந்தப் பக்கம் ஆட்டை ஓட்டி வருவார்.

"ஏன் மாப்ள, இதுக்கு எதுக்குய்யா நடைப்பயணம்னு பேரு? உன் ஆளுங்க நடந்து நான் பாத்ததே இல்லியே. என் ஆடுங்க மேய்ஞ்சுக்கிட்டே இதைவிட வெரசா போகுதுங்க."

"உன் ஆடு திங்கிறதைத்தான் மச்சான் அவங்க காசு குடுத்துப் பாக்க வர்றாங்க. மொதல்ல அதுங்களைக் கட்டிப் போடு."

"கட்டிப் போட்டா நீ பேசுறதை ஒரே இடத்துல நின்னு கேக்கணுமே. பாவம்யா, வாயில்லாத ஜீவனுங்க."

இந்த வருஷக் கூட்டத்தில் ஹெஸ்டர் என்ற அம்மாளும் வந்திருந்தார். இங்கிலாந்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். வருவது இது மூன்றாவது தடவை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பூ. குங்குமப்பூ இனம், வெள்ளை இதழில் ஊதாக் கோடு, கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. அவருடைய அக்கா வின்னி அதை எப்போதோ இதே மலையில் பார்த்துவிட்டார். பார்த்ததோடு விட்டாரா? படம் எடுத்து, சட்டம் போட்டு, தன் வீட்டுக் கழிப்பறையில், உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிகிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விருந்து அக்கா வீட்டில்தான். வான்கோழியை அறுத்துக்கொண்டே, "ஏண்டி, நீ இன்னும் அதைப் பாக்கலேல்ல?" என்று வின்னி கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு ஹெஸ்டர் உருளைக்கிழங்குத் தட்டை வாங்கிக்கொள்வார்.

முதல் வருஷம் மழை பொய்த்துவிட்டது. போன வருஷம் யாகூமிஸின் ஆடுகள் முந்திக்கொண்டன. இந்த வருஷம் ஹெஸ்டரின் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை, அதற்கப்புறம் மலைப்பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது.

"கெடைக்கலேன்னா பரவாயில்ல, மனூசோஸ். எனக்குப் பழகிப்போச்சு" என்றார் ஹெஸ்டர், வந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில்.

மனூசோஸ் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மேசையைச் சுற்றிக் கேட்க ஆள் இருந்தது. ஆள் இருந்தால் அவருடைய வாய் அவர் பேச்சையே கேட்காது.

"பரவாயில்லையா? ஹெஸ்டர், அந்தப் பூவை உங்க கண்ணுல காட்டாம உங்களை விமானம் ஏத்த மாட்டேன். இது மனூசோஸோட வாக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மனைவி ரோதான்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மழைகிட்டயும் எங்கண்ணன் ஆட்டுகிட்டயும் கேட்டுட்டியா?" என்று கிரேக்கத்தில் கேட்டுவிட்டு உள்ளே போனார். விருந்தாளிகளுக்கு அது புரியவில்லை. மனூசோஸுக்குப் புரிந்தது. புரிந்ததை மறைக்க இன்னும் கொஞ்சம் பேசினார்.

கடைசி நாள் வரைக்கும் அந்தப் பூ கண்ணில் படவில்லை. மற்றதெல்லாம் பட்டது. சரிவு முழுக்க நரிவெங்காயம் வெள்ளை வெள்ளையாகக் கதிர் விட்டு நின்றது. பாறையடியில் மஞ்சள் பூ கூட்டம் கூட்டமாக இருந்தது. யாராவது "ஆ!" என்னும்போதெல்லாம் ஹெஸ்டர் இரண்டு கோல்களையும் ஊன்றி அவசர அவசரமாக வருவார். குனிய முடியாது, நின்றபடியே எட்டிப் பார்ப்பார். "அழகா இருக்கு" என்பார், மரியாதைக்கு. அந்த மரியாதை மனூசோஸைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கடைசி நாள் மலைமேட்டில் இருக்கும் சிற்றாலயத்துக்குக் கூட்டிப்போனார். அந்தப் பூ வெயிலுக்குத்தான் வாய் திறக்கும். வெயில் நன்றாக அடித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த இடத்தில் மனூசோஸ் ஒரு சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். கூட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு பேசுவார்.

"நண்பர்களே! ஒரு காலை எடுத்து வெச்சா, வைக்கிற எடத்துல என்ன இருக்குன்னு பாக்கணும். பாக்காம வைக்கிற ஒவ்வொரு காலும் ஒரு கொலை!"

"மனூசோஸ், ஒரு நிமிஷம்" என்றார் ஹெஸ்டர்.

மனூசோஸ் உள்ளங்கையைக் காட்டினார். கேள்வியெல்லாம் கடைசியில்தான்.

"கால் மட்டுமில்ல. உக்காரும்போதும்தான்! நாம எங்க உக்காருறோம்? யார் தலை மேல உக்காருறோம்?"

"மனூசோஸ்!"

மறுபடியும் உள்ளங்கை. அவருக்கு இடுப்பு வலி உண்டு. ஆலயச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சுவரோரப் புல்லில் உட்கார்ந்தார். "இந்த மலை நம்மளைப் பொறுத்துக்குது, நண்பர்களே. அதை மறந்துடக் கூடாது" என்று முடித்தார். நல்ல முடிப்பு என்று அவருக்கே பட்டது. ஹெஸ்டர் எதிரே இருந்த குட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தார்.

பாலாடைக்கட்டி, தக்காளி, பார்லி ரொட்டிக் கட்டி, ஆலிவ் எல்லாம் சுற்றி வந்தன. மனூசோஸ் துப்பிய ஆலிவ் கொட்டை ஒன்று உருண்டு தொடையோரமாகப் போனது. கண் அதன் பின்னால் போனது. தொடைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை இதழ் எட்டிப் பார்த்தது. இதழில் ஊதாக் கோடு.

அவர் முதலில் செய்தது, இன்னொரு ஆலிவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதுதான். மென்றுகொண்டே இன்னொரு முறை பார்த்தார். அதேதான். பூவின் மிச்சமெல்லாம் அவருக்கு அடியில் இருந்தது. சபாஷ் மனூசோஸ், என்று தன்னையே மெச்சிக்கொண்டார். வாக்குக் கொடுத்தாய், தேடினாய், கண்டும் பிடித்துவிட்டாய். கண்ணால் கண்டுபிடிக்கிறவன் எவன் வேண்டுமானாலும் இருப்பான்.

ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கலாம் என்ற நப்பாசையில் எல்லாரையும் கிளப்பினார். "தேடுங்க, தேடுங்க! இங்கதான் எங்கயோ இருக்குன்னு என் உள்மனசு சொல்லுது!" சொன்னது உள்மனது இல்லை, வேறு ஓர் இடம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்க வரலியா?" என்று கேட்டார் ரூர்ட். ஹாலந்துக்காரர், எல்லாப் பூவுக்கும் லத்தீன் பெயர் தெரிந்தவர்.

"நான் இந்தப் பக்கத்தைப் பாத்துக்கறேன். நீங்க போங்க."

அவர்கள் போனார்கள். முழங்கால் காரணமாக ஹெஸ்டர் மட்டும் சுவரிலேயே இருந்தார். அந்த நேரம் பார்த்து யாகூமிஸ் ஆட்டுக் கூட்டத்தோடு மேலே பாறையில் வந்து நின்றார்.

"என்ன மாப்ள, அடைகாக்குறியா?"

"போ மச்சான், போயி ஆட்டைப் பாரு."

"எந்திரிச்சு வாய்யா. கீழ ராக்கிச் சாராயம் காய்ச்சிக்கிட்டிருக்கோம். மொதக் கிளாஸ் உனக்குத்தான்."

"வேண்டாம்."

மனூசோஸ் ராக்கியை வேண்டாம் என்று சொன்னது அந்த மலை அதுவரை கேட்காத செய்தி. யாகூமிஸ் சந்தேகத்தோடு பாறை மேலேயே உட்கார்ந்துகொண்டார், என்னதான் நடக்கிறது பார்த்துவிடலாம் என்று.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? வெயில் சாய்ந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். கடைசி ஆளாக எழுந்து புல்லைத் தட்டிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? காப்பீட்டுப் பழக்கத்தில் இதை இயற்கைச் சீற்றம் என்ற கணக்கில் சேர்க்க முடியுமா என்றுகூட யோசித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது ஹெஸ்டர் ரொட்டியை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் எதையும் தேடவில்லை. தேடி முடித்த முகம் அது. அதைப் பார்த்ததும் மனூசோஸுக்கு, இந்த அம்மாளை ஏமாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டது.

"ஹெஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இயற்கையில பாத்தீங்கன்னா, சில நேரம் நாம தேடுறது நமக்கு ரொம்பக் கிட்டக்கவே இருக்கும். ரொம்ப ரொம்பக் கிட்டக்க. அந்த மாதிரி நேரத்துல..."

"எந்திரிங்க, மனூசோஸ்."

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அது மேலதான் உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியும். ரெண்டு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் கையைக் காட்டினீங்க."

மனூசோஸின் வாய் திறந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. அவருக்கு அது புது அனுபவம்.

"அப்போ... பாத்துட்டீங்களா?" என்றார் கடைசியில்.

"பாத்தேன். நீங்க உக்கார எடுத்துக்கிட்ட நேரம் பூரா பாத்தேன். நல்லவேளை உங்களுக்கு இடுப்பு வலி. இல்லேன்னா அதுவும் கெடைச்சிருக்காது." ஹெஸ்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

மனூசோஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பூ, பேருந்து இருக்கையில் யாரோ உட்கார்ந்து எழுந்த மல்லிகைச் சரம் மாதிரிக் கிடந்தது. பாதிதான் கிடந்தது. மீதியைக் காணோம்.

"நான் ஒரு மடையன், ஹெஸ்டர்."

"ஆமா" என்றார் ஹெஸ்டர். பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை இது? தேன் மாதிரி?"

மனூசோஸும் மோந்து பார்த்தார். காற்றில் ஏதோ இருந்தது.

"திரும்புங்க" என்றார் ஹெஸ்டர்.

"எதுக்கு?"

"சும்மா இப்படிக் கிட்ட வந்து திரும்பி நில்லுங்க. மீதி உங்க பேன்ட்லதான் ஒட்டியிருக்கு."

ஹெஸ்டர் தரையில் படுக்க முடியாதவர். குட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த அவர் மூக்குக்கு நேராக, பூவின் மீதிப் பாதி மனூசோஸின் கால்சட்டைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஹெஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, நன்றாக மோந்து பார்த்தார்.

"தேன்தான்! வின்னி இதைச் சொல்லவே இல்லியே. அவளுக்குத் தெரியாது, மனூசோஸ்! படத்தைப் புடிச்சிட்டு வந்துட்டா, மோந்தே பாக்கல!"

மேலே பாறையிலிருந்து ஒரு விசில் வந்தது. "யோவ் மாப்ள! என் தங்கச்சிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

மனூசோஸிடம் அருமையான விளக்கம் ஒன்று தயாராக இருந்தது. வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. நீங்க பேசினா ஆடுது" என்றார் ஹெஸ்டர்.

வாயை மூடிக்கொண்டு, கைகளை இடுப்பில் வைத்து, மலையைப் பார்த்து நின்றார். தேடப் போனவர்கள் வெறுங்கையோடு ஆலயத்தைச் சுற்றி வந்தபோது அவர் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அங்க?" என்று கேட்டார் ரூர்ட்.

"வரிசையில வாங்க" என்றார் ஹெஸ்டர்.

வேறு ஆட்களாக இருந்தால் ஏன், எதற்கு என்று கேட்டிருப்பார்கள். இவர்கள் கேட்கவில்லை. வரிசையில் நின்றார்கள். ரூர்ட் முழங்காலிட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, மனூசோஸின் முதுகுக்குக் கீழே அந்தப் பூவின் லத்தீன் பெயரைப் பயபக்தியோடு உச்சரித்தார். அடுத்தவர் "ஆ!" என்றார். பாறை மேலே யாகூமிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் தன்னைச் சூழ்ந்து நின்று, ஒருவர்கூடத் தன் முகத்தைப் பார்க்காதது மனூசோஸுக்கு இதுதான் முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவர் அசையவில்லை.

வரிசை முடிந்ததும் ஹெஸ்டர் இன்னொரு முறை மோந்தார். பிறகு கவலையோடு சொன்னார்: "வின்னிகிட்ட இதை எப்படிச் சொல்வேன்? தரையில படுத்தா மோந்தேன்னு கேப்பாளே. கிறிஸ்துமஸ் அன்னிக்கு, மேசையில அத்தனை பேர் இருக்கும்போது, எங்க மோந்தேன்னு நான் சொல்றது? ஜெயிச்சும் வெளிய சொல்ல முடியாமப் போச்சே."

தன் பெயரை வெளிநாட்டு மேசைகளில் நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதுதான் மனூசோஸின் வெகுநாள் ஆசை. க்ரீட்டிலேயே சிறந்த வழிகாட்டி என்று சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

"சொல்லுங்க, ஹெஸ்டர்" என்றார் மலையைப் பார்த்தபடியே. "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. அவங்க நம்பலேன்னா என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க."

"உங்க முழுப் பேரு என்ன?"

அவர் சொன்னார். பிறகு, அங்கே யாரும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, எழுத்துக்கூட்டி இன்னொரு முறை சொன்னார்.